குரல் சேர்க்காத ஒன்பது

சிரிக்காமல் சொல்லிவிட்டால் போதும். சிரித்தால் அவளாகிவிடுவேன். வாழைப்பழத்தை வட்டமாக நறுக்கி ஆறு மணி நேரம் உறைய வைக்க வேண்டும் என்று தட்டையாகச் சொல்லிக்கொண்டே போனால் அது என் குரல்தான். பல் ஆஸ்பத்திரி வரவேற்பில் உட்கார்ந்துகொண்டு, "டாக்டர் பதினோரு மணிக்குத்தான் வருவாங்க" என்று தினமும் நாற்பது தடவை சொல்கிற குரல். அதைக் கேட்டு யாரும் ஏமாற மாட்டார்கள்.

இப்படி நினைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தது என் அக்காவின் துணி அலமாரிக்குள். கீழ்த்தட்டைக் கழற்றிவிட்டு ஒரு முக்காலி போட்டு வைத்திருந்தாள். தலைக்கு இரண்டு பக்கமும் அவளுடைய உடைகள் தொங்கின. துணிகளுக்கு நடுவே பேசினால் எதிரொலி வராது, தெருவில் போகிற வண்டிச் சத்தமும் பதியாது என்பது அவள் கண்டுபிடிப்பு. கதவைப் பாதி சாத்திக்கொண்டு, மடியில் ஃபோனை வைத்து, தான் எடுத்த படத்தைத் தானே பார்த்துப் பேசுவாள். பேசி முடித்து வெளியே வரும்போது தலைமுடியெல்லாம் கலைந்து, வேர்த்து, யாருடனோ சண்டை போட்டு ஜெயித்தவள் மாதிரி இருப்பாள்.

அவள் போய் நான்கு மாதம் ஆகியிருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் தலை வலிக்கிறது என்று படுத்தாள். புதன்கிழமை காலையில் இல்லை. தலைக்குள் ஏதோ ரத்தக்குழாய் என்றார்கள். அதற்குமேல் நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அவளுடைய மகளுக்கு ஆறு வயது. பட்டாணி என்று கூப்பிடுவோம். பாலும் முட்டையும் அவளுக்கு ஆகாது. ஒன்றரை வயதில் யாரோ ஒருவர் வீட்டுப் பிறந்தநாளில் கேக்கின் ஓரத்தை நக்கிவிட்டு, உதடு வீங்கி, மூச்சு முட்டி, இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். திரும்பி வந்த அன்றே அக்கா ஃப்ரிட்ஜில் இருந்த பால், தயிர், வெண்ணெய் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டாள். "என் பொண்ணு எல்லார் வீட்டு விசேஷத்துலயும் வெறுங்கையோட நிக்கணுமா? நான் பண்றேன் பாரு" என்று ஆரம்பித்தாள். அதுவரைக்கும் வெந்நீர் வைத்தாலே அடிப்பிடிக்கிற கை அது.

கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீரைச் சர்க்கரை போட்டுப் பத்து நிமிடம் அடித்தால் முட்டை வெள்ளையைப் போல நுரைத்து நிற்கும் என்று அவள் தெரிந்துகொண்ட நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. என்னை உட்காரவைத்து, கிண்ணத்தை என் தலைக்கு நேர் மேலே கவிழ்த்தாள். ஒரு சொட்டு விழவில்லை. "பாத்தியாடி, கீழ கொட்டற தண்ணி! அதுக்கும் ஒரு காலம் வரும்கிறேன்."

பிறகு ஒவ்வொன்றாக மெஷின்கள் வந்தன. முந்திரியையும் ஓட்ஸையும் அரைத்துப் பாலாக்கித் தருகிற மெஷின், உறைந்த வாழைப்பழத்தை மேலே போட்டு அழுத்தினால் கீழே ஐஸ்கிரீமாகச் சுருண்டு விழுகிற மெஷின், காயையும் ஆப்பிளையும் நாடாவாகச் சுற்றி எடுக்கிற கட்டர், கரடி முயல் வடிவத்தில் சிலிகான் அச்சுகள், ஒரே நேரத்தில் ஏழு டோனட் சுடுகிற வட்டத் தட்டு. எல்லாவற்றுக்கும் உறவு முறை உண்டு. வாழைப்பழ மெஷின் மாமியார், எதைக் கொடுத்தாலும் பிழிந்துவிடும். கையில் பிடித்து நுரை அடிக்கிற பீட்டர் மெஷின் மாமனார், சத்தம்தான் பெரிது. பால் மெஷின் நாத்தனார். "நாலு நிமிஷம் தானே புலம்பி தானே அடங்கிடும், நாம குறுக்க பேசக் கூடாது." அவளுக்கு உண்மையில் மாமியாரும் இல்லை, நாத்தனாரும் இல்லை. அதனால்தான் அவ்வளவு தைரியம்.

இந்த விளையாட்டையெல்லாம் படம் பிடித்துப் போடச் சொன்னது மாமா, அவள் கணவர். கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறவர். பேச்சு குறைவு. ஃபோனை மேடைக்கு மேலே கவிழ்த்து மாட்ட ஒரு கம்பி வளைத்துக் கொடுத்தார். படத்தில் அக்காவின் முகம் வராது, கைகள் மட்டும்தான். குரல் பிறகு, அலமாரிக்குள். மூன்று வருடத்தில் அறுபது படங்களுக்கு மேல் போட்டாள். பால் ஆகாத பிள்ளைகளைப் பெற்ற அம்மாக்களும், பாலே வேண்டாம் என்று விட்ட வீகன்காரர்களும், மெஷினைப் பார்த்துச் சிரிப்பதற்கென்றே வருகிறவர்களும் எங்கெங்கோ இருந்து எழுதினார்கள்.

அவள் வேலை செய்கிற முறையில் ஒரு விசித்திரம் உண்டு. எழுதி வைத்துக்கொள்ள மாட்டாள். படம் எடுக்கும்போதே, பிற்பாடு எங்கே ஜோக் சொல்லப்போகிறாள் என்று அவளுக்குத் தெரியும். அந்த இடத்தில் கை வேலையை நிறுத்திவிடும். மாமியாரின் தலையில் இரண்டு தட்டு தட்டும். அல்லது விரலை ஆட்டும். அல்லது சும்மா மேடைமேல் படுத்துக் காத்திருக்கும். குரல் வந்து நிரப்புகிறவரை அது வெறும் இடைவெளி.

அப்படி ஒன்பது படங்களை எடுத்து வைத்துவிட்டுத்தான் போனாள். குரல் சேர்க்காத ஒன்பது.

"ஒன்பது இருக்கும்மா," என்றார் மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், என் முகத்தைப் பார்க்காமல். "அவ கை இருக்கு. பேச்சுதான் இல்ல. வேற யாராவது பேசினா நல்லாருக்காது. நீ பேசினா..."

அவர் முடிக்க வேண்டியதில்லை. எங்கள் இருவருக்கும் ஒரே குரல். ஃபோனில் பெற்ற அம்மாவுக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது. கல்யாணமான புதிதில் மாமா ஒருமுறை ஃபோன் செய்து, எடுத்தது நான் என்று தெரியாமல் இரண்டு நிமிடம் என்னென்னவோ பேசிவிட்டார். நான் ஊமைக்கோட்டான், குறுக்கே பேசத் தெரியாமல் கேட்டுக்கொண்டே நின்றேன். அக்கா அதைக் கடைசிவரை விடவில்லை. "அன்னைக்கு அவர் என்னதான்டி சொன்னாரு? எனக்கு இன்னும் சொன்னதில்ல. ஸ்டாக் மொத்தத்தையும் உன்கிட்டயே காலி பண்ணிட்டாரு." மாமா எழுந்து பால்கனிக்குப் போய்விடுவார்.

அவள் இல்லை என்பதை மாமா படம் பார்க்கிறவர்களுக்குச் சொல்லவில்லை. ஒரு வரி அடித்து, அழித்து, அடித்து, விட்டுவிட்டாராம்.

"பழசையெல்லாம் பட்டாணி மனப்பாடம் பண்ணிட்டா," என்றார். "இப்பல்லாம் கேக்கவே மாட்டேங்கறா. சாப்பாடும் இறங்கல. தட்டைப் பாத்துட்டு உக்காந்திருக்கா. புதுசா ஒண்ணு வந்தா..."

நான் சரி என்றேன். குழந்தை சாப்பிட வேண்டும் என்பதற்காகச் சரி சொன்னேன் என்று அன்று நம்பினேன். அது முழு உண்மை இல்லை.

முதலில் எடுத்தது வாழைப்பழ ஐஸ்கிரீம் படம். பேசுவதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று சாப்பாட்டு மேஜையில் வைத்து ஓடவிட்டேன். பட்டாணி வந்து என் கைக்கு அடியில் தலையை நுழைத்துக்கொண்டாள். அக்காவின் கைகள் உறைந்த பழ வட்டங்களைக் குழாய்க்குள் தள்ளின. இடது கட்டைவிரலில் அந்தப் பழைய தீக்காயம். சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் படம் எடுப்பாள், அதனால் மெஷின் சத்தம்கூட இல்லை. நாங்கள் இருவரும் மூச்சு விடுவது கேட்டது.

பாதியில் கை நின்றது. மூன்று விரல்களைத் தூக்கிக் காட்டியது. கொஞ்சம் ஆட்டியது. மறுபடி வேலைக்குப் போய்விட்டது.

"இது எனக்கு," என்றாள் பட்டாணி.

"எது?"

"மூணு. நான் கீழ உக்காந்திருந்தேன், அங்க." மேடைக்கு அடியில் காட்டினாள். "சத்தம் போட்டா ஜோக்கு மறந்துடும்னு அம்மா சொல்லியிருந்தா. நான் வாயத் தொறந்து வாயத் தொறந்து கேட்டேன், சத்தமில்லாம. மூணு ஸ்பூன் தரேன்னு காட்டினா. ஆனா நாலு குடுத்தா."

"நாலா?"

"நாலாவது அவளோடது. எனக்குக் குடுத்துட்டா."

நான் அவள் தலையைத் தடவினேன். அவ்வளவுதான் செய்தேன்.

பிறகு அலமாரிக்குள் போனேன். சிரிக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டேன். பழம் கனிந்திருக்க வேண்டும், தோலில் புள்ளி விழுந்திருக்க வேண்டும், சர்க்கரையே வேண்டாம் என்பதுவரை என் குரலில்தான் பேசினேன். அந்த மூன்று விரல் வந்தது. அந்த இடத்தை என்ன செய்வது? அது குழந்தைக்குக் காட்டியது, பார்க்கிறவர்களுக்கு அதில் என்ன இருக்கிறது என்று யோசிக்கும்போதே வாய் தானாகத் திறந்துகொண்டது.

"நம்ம மாமியாருக்கு மூணே மூணு விஷயம்தான் பிடிக்கும். கனிஞ்ச பழம், குளுந்த பழம், வாயத் தொறக்காத மருமக."

சொல்லிவிட்டுச் சிரித்தேன். மூக்கில் ஆரம்பித்துத் தொண்டைக்கு இறங்குகிற அந்தச் சிரிப்பு எனக்குள் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு என்னை நிறுத்த முடியவில்லை. மெஷினை அதட்டினேன், கொஞ்சினேன். கழுவும்போது பிளேடில் கை வைக்காதீர்கள், மாமியார் கடித்துவிடும் என்றேன். என் வாழ்நாளில் நான் சொன்ன ஜோக்குகளைவிட அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் அதிகம் சொன்னேன்.

கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தபோது மாமா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். கண்ணை மூடியிருந்தார். நான் வந்தது தெரிந்தும் உடனே திறக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்துகொள்கிறேன் என்று கேட்பதுபோல இருந்தது. எனக்கும் அதைக் கலைக்க மனம் வரவில்லை. யாரும் என் பேச்சை அப்படிக் கண்மூடிக் கேட்டதில்லை.

படத்தைப் போட்டார். மறுநாளே எழுத ஆரம்பித்துவிட்டார்கள். "எங்க போயிட்டீங்க அக்கா இத்தனை நாளா?" "மாமியார் நல்லாருக்காங்களா?" "உங்க சிரிப்பைக் கேட்டு என் பையனும் சிரிச்சான்." நோயாளிகள் இல்லாத நேரத்தில் மேஜைக்கு அடியில் வைத்து ஒவ்வொன்றாகப் படித்தேன். படித்ததையே மறுபடி படித்தேன். ஒரு பல் ஆஸ்பத்திரி வரவேற்பில் உட்கார்ந்திருக்கிற முப்பத்தைந்து வயதுப் பெண்ணிடம் யாரும் எங்கே போனீர்கள் என்று கேட்பதில்லை. நான் ஒரு வாரம் லீவு போட்டபோது டாக்டர் மூன்றாம் நாள்தான் கவனித்தார்.

அந்த டாக்டரே ஒருநாள் வாய்மூடியை இறக்கிவிட்டுக் கேட்டார். "என்னம்மா, ஃபோன்ல சிரிப்பெல்லாம் வருது? அந்தப் பேஷண்ட் பல்லு புடுங்க வராரா, பொண்ணு பாக்க வராரா?"

எனக்குச் சுருக்கென்றது. நான் சிரித்தது எனக்கே தெரியவில்லை.

இதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். எனக்குப் பிடித்திருந்தது. அவளுடைய குரலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டால், அவள் செத்துப்போனதும் தெரியவில்லை. நான் அவளாக இல்லாமல் போனதும் தெரியவில்லை. சின்ன வயதிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் எல்லோரும் அவளைத்தான் பார்ப்பார்கள். நான் பொறாமைப்பட்டதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அலமாரிக்குள் உட்கார்ந்த பிறகுதான் எவ்வளவு பட்டிருக்கிறேன் என்று தெரிந்தது.

பட்டாணி சாப்பிட்டாள். அது உண்மை. தட்டுக்கு எதிரே ஃபோனை நிறுத்தி, வாழைப்பழப் படத்தை ஓடவிட்டால் பாதித் தட்டாவது காலியாகும். ஒரு நாளைக்கு மூன்று தடவை, சில நாள் நான்கு தடவை. மாமா அதை எனக்கு ஃபோனில் சொல்லும்போது அவர் குரலிலேயே கொஞ்சம் சதை போட்டதுபோல இருந்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். மாமா கடைக்குக் கண்ணாடிச் சட்டங்கள் வந்திருக்கின்றன என்று போயிருந்தார். நாங்கள் இரண்டு பேரும் ஐஸ்கிரீம் செய்யலாம் என்று முடிவு செய்தோம். மாமியாரை மேடைமேல் தூக்கி வைத்தேன். பட்டாணி முக்காலியில் ஏறி நின்று, உறைந்த பழத்தைக் குழாயில் போட, நான் அழுத்தினேன். கிர்ரென்று நடுங்கி, வெள்ளை வெள்ளையாகச் சுருண்டு கிண்ணத்தில் விழுந்தது. முதல் சுருளை அவள் விரலாலேயே வழித்து வாயில் போட்டுக்கொண்டாள். கிட்டத்தட்ட ஐந்து மாதத்துக்குப் பிறகு அவள் ஒரு பண்டத்தைக் கேட்காமல் எடுத்துத் தின்றாள். எனக்குக் கண் நிறைந்தது.

அடுத்த துண்டைப் போடப் போனவள் நிறுத்தினாள். மூன்று விரலைத் தூக்கினாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"நம்ம மாமியாருக்கு மூணே மூணு விஷயம்தான் பிடிக்கும். கனிஞ்ச பழம், குளுந்த பழம், வாயத் தொறக்காத மருமக." சொல்லிவிட்டு மூக்கிலிருந்து சிரித்தாள்.

நானும் சிரித்தேன். "இது எங்கேருந்து புடிச்ச?"

"அம்மா சொன்னா."

"சித்தி சொன்னது அது, வாலு. நான்தானே அலமாரிக்குள்ள போய் உக்காந்து பேசினேன், நீ பாத்தியே."

"அது வந்து..." யோசித்தாள். "நீ திருப்பிச் சொன்ன. அம்மா முதல்லயே சொல்லியிருந்தா. எனக்குத்தான் சொன்னா."

"சரி, அந்த மூணு விரல்? அது எதுக்குக் காட்டினா?"

"அதான். மூணு விஷயம்."

"மூணு ஸ்பூன்னு சொன்னியேடா. நீ கீழ உக்காந்திருந்த. சத்தமில்லாம கேட்ட."

அவள் என்னைப் பார்த்தாள். புதிதாக ஒரு கதை சொல்லப்போகிறேன் என்று நினைத்தவள்போல முகம் மலர்ந்தது.

"எப்ப சித்தி?"

"அம்மா மூணு தரேன்னு சொல்லி நாலு குடுத்தா. நாலாவது அவளோடது."

"அப்படியா!" என்றாள். "அப்புறம்?"

மெஷினை நிறுத்தினேன். கிண்ணத்தில் இருந்தது ஓரத்திலிருந்து இளக ஆரம்பித்திருந்தது. அப்புறம் என்ன என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் அங்கே இல்லை. அந்தச் சமையலறையில் அன்று இருந்தது இரண்டே பேர். ஒருத்தி போய்விட்டாள். இன்னொருத்தியிடம் இருந்ததை நான் பன்னிரண்டு நிமிடத்தில் துடைத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு மாமியார் ஜோக்கை வைத்துவிட்டேன். அதுவும் நல்ல ஜோக். அதனால்தான் ஒட்டிக்கொண்டது.

மீதி எட்டில் எங்கெங்கே கை நிற்கிறது என்று எனக்குத் தெரியும், எல்லாவற்றையும் பார்த்திருந்தேன். ஒன்றில் மாவுக் கையோடு யாரையோ வா என்று கூப்பிடுகிறது. ஒன்றில் கரடி அச்சிலிருந்து எடுத்த சாக்லேட்டின் காதைக் கிள்ளி, படத்துக்கு வெளியே நீட்டுகிறது. நீட்டிய கை காலியாகத் திரும்பி வருகிறது. அந்தக் காதை யார் வாங்கிக்கொண்டார்கள் என்று நான் அதுவரை யோசித்ததே இல்லை.

"சித்தி, கரையுது," என்றாள் பட்டாணி. எடுத்து ஊட்டினேன். மூன்று ஸ்பூன், நான்கு, ஐந்து. எண்ணிக்கையில் ஒன்றும் இல்லை என்று தெரிந்தும் எண்ணினேன்.

மாமா வந்தார். கிண்ணம் காலியாக இருப்பதைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றவும் மறந்து அப்படியே நின்றார். "சாப்பிட்டாளா? மொத்தமுமா?"

"மொத்தமும்."

கையில் இருந்த பெட்டியை மேஜைமேல் வைத்தார். புதிதாக ஒலிவாங்கி வாங்கி வந்திருந்தார். சட்டையில் குத்திக்கொள்கிற சின்னது. "இது இருந்தா அலமாரிக்குள்ள வேர்த்துக் கொட்ட வேண்டாம். நீ பாட்டுக்கு நாற்காலில உக்காந்து பேசலாம். அவளும் கேட்டுட்டே இருந்தா, வாங்கவேயில்ல நான்." பெட்டியைப் பிரிக்க நகத்தால் ஓரத்தைத் தேடினார். "இன்னைக்கு அந்த டோனட்டு பண்ணிடலாமா? எட்டுதானே. வாரம் ஒண்ணுன்னா கூட ரெண்டு மாசம் ஓடிடும்."

"மாமா, பழைய படத்தையே போடுங்களேன் அவளுக்கு. அக்கா பேசினது."

"பழசுல அவ இருந்தாம்மா," என்றார். "புதுசுல இருக்கா."

அவர் அதை என்னை வற்புறுத்துவதற்காகச் சொல்லவில்லை. சொன்னபிறகு அவருக்கே அது கேட்டிருக்க வேண்டும். பெட்டியைப் பிரிப்பதை நிறுத்தினார்.

நான் காரணத்தைச் சொல்லியிருக்கலாம். உங்கள் மகளிடம் அவள் அம்மா கொடுத்தது ஒன்று இருந்தது, அது இப்போது இல்லை, நான்தான் செய்தேன் என்று. ஆனால் மூன்று ஸ்பூனைப் பற்றி அவருக்குத் தெரியவே தெரியாது. தெரியாத ஒன்றைத் தொலைந்துபோனது என்று சொல்லி அவர் கையில் எப்படிக் கொடுப்பது? அதைவிட, என்மேல் கோபப்படுவது அவருக்குச் சுலபம்.

"என்னால முடியல மாமா."

"தொண்டை சரியில்லையா? அடுத்த வாரம் பண்ணலாம்."

"தொண்டை நல்லாத்தான் இருக்கு."

"பின்ன?" குரலைத் தாழ்த்தினார். "யாராவது ஏதாவது சொன்னாங்களா? நீ இங்க வந்து போறதைப் பத்தி?"

"யாரும் ஒண்ணும் சொல்லல."

"பத்து நிமிஷப் பேச்சும்மா. புள்ள சாப்பிடறதுக்காகக் கேக்கறேன். உன்னால முடியாததையா கேக்கறேன்?"

சமையலறையில் பட்டாணி முக்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது. பிறகு அந்தச் சிரிப்பு, மூக்கிலிருந்து. மெஷினிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். மாமா திரும்பி அந்தப் பக்கம் பார்த்தார். அவர் கண்கள் மெல்ல மூடிக்கொள்வதைப் பார்த்தேன்.

அவர் திறக்கிறவரை காத்திருந்தேன்.

"வார வாரம் வந்து சமைக்கறேன்," என்றேன். "அவகூட உக்காந்து ஊட்டறேன். பேசறதுக்கு மட்டும் என்னைக் கேக்காதீங்க, மாமா. நான் பேசல."